குளிர்கடலில் அலைச்சறுக்கப் போகிற கொழும்பு ஆட்களுக்கு

கல்கிசையிலும் வெலிகமவிலும் பலகை ஏறிப் பழகிய நமக்குக் கடல் என்றால் 28, 29 பாகை. உடம்பில் ஒரு ரேஷ் வெஸ்ட் இருந்தால், அதுவும் வெயிலுக்கும் உரசலுக்கும்தான். என் தங்கச்சி இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கிறாள். அங்கே மெட்ரோ ஏறி டைன்மவுத்தில் இறங்கினால் லோங்சாண்ட்ஸ் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அவளிடம் போகும்போதெல்லாம் நான் வட கடலில் இறங்குவது தெரிந்து, வெள்ளவத்தையில் கேட்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அக்கா, பட்டரியில் சூடாகிற வெஸ்ட் ஒன்று வாங்கினால் போதுமா?”

போதாது. சூடாக்குவது வெஸ்டின் வேலை, அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது உடம்போடு ஒட்டிக் கிடக்கிற ரப்பர் உடுப்பான வெட்சூட்டின் வேலை. வெட்சூட் தொளதொள என்று இருந்தால் உங்கள் பட்டரியை வைத்து நீங்கள் வட கடலைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே காசை முதலில் வெட்சூட்டில் போடுங்கள், மிச்சம் இருந்தால் வெஸ்ட்.

எப்போது போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அந்தக் கரையில் ஆகஸ்ட், செப்டெம்பரில் தண்ணீர் 14 பாகை அளவுக்கு வரும். டிசம்பர் லீவில் போனால் ஒன்பது சொச்சம். மிக மோசம் பெப்ரவரியும் மார்ச்சும்தான், ஆறு வரை இறங்கிவிடும். வெளியே வெயில் அடிக்கிறதே என்று மார்ச்சில் ஏமாறாதீர்கள். தெரிவு உங்கள் கையில் என்றால் ஒக்டோபர் நல்லது: தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அலையும் வரத் தொடங்கியிருக்கும்.

காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். வெட்சூட்டின் நியோப்பிரீன் ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் இருக்கின்றன, சூட்டைத் தடுத்து வைப்பவை அவைதான். 5/4 என்று எழுதியிருந்தால் நெஞ்சிலும் முதுகிலும் 5 மில்லிமீற்றர், கைகால்களில் 4. பத்துப் பாகைக்குக் கீழே 5/4, அத்துடன் தலைமூடி, கையுறை, பூட்ஸ். ஆறு பாகைக்கு 6/5 எடுங்கள். தையலையும் திருப்பிப் பாருங்கள். ஊசி துணியின் இரண்டு பக்கமும் துளைத்து வந்திருந்தால் அது சூடான கடலுக்குச் செய்தது. ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் தைத்து, உள்ளே டேப் போட்டது வேண்டும். முதுகில் ஸிப் உள்ளதைவிட நெஞ்சில் ஸிப் உள்ளது தண்ணீரைக் குறைவாக விடும். போடக் கஷ்டம், அவ்வளவுதான். காலில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்தத் தடிப்பில் சூட் தேடிக் கொழும்பில் அலையாதீர்கள். போகிற ஊரில் வாடகைக்கு எடுங்கள். வெஸ்டைக் கொண்டுபோய், அதைப் போட்டபடியே வெட்சூட்டை அளவு பாருங்கள். இடுப்புக்கு மேலே முதுகு வளைகிற இடம், அக்குள், தொடைச்சந்தி, இந்த மூன்றிலும் காற்றுப்பை நிற்கக்கூடாது. கழுத்து இறுக்கமாக இருக்கவேண்டும், ஆனால் தலை சுற்றக்கூடாது. சொந்த சூட் இருப்பவர்கள் வீட்டில் போட்டுப் பார்ப்பதென்றால் ஏசி அறையில் மட்டும். கொழும்பு வெக்கையில் 5 மில்லிமீற்றர் ரப்பருக்குள் நின்றால் கடலைப் பார்க்கமுன்னமே மயங்கி விழுவீர்கள்.

சரி, வெஸ்டுக்கு வருவோம். சூடாகிற அலைச்சறுக்கு உடுப்பு புதிதல்ல. ரிப் கேர்ல் நிறுவனம் எச்-பாம் என்ற பெயரில் முழு வெட்சூட்டாகவே அதை விற்றிருக்கிறது. நம்மைப் போல எப்போதாவது போகிறவர்களுக்குத் தனி வெஸ்ட்தான் வசதி. சூட் எதுவானாலும் அடியில் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது சூடாகும் தகடுகள் முதுகின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விரல் விறைக்கும்போது முதுகைச் சூடாக்கி என்ன பயன் என்று கேட்பார்கள். நடு உடம்பு குளிர்ந்தால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கைகால் நாளங்களைச் சுருக்கிவிடும். நடு உடம்பு சூடாக இருந்தால் இரத்தம் விரல்களுக்கும் கொஞ்சம் போகும். அதற்காகக் கையுறையைக் கழற்றி எறிய வேண்டாம்!

மோட்டார் சைக்கிளுக்கும் பனிச்சறுக்குக்கும் செய்த மலிவான வெஸ்டுகளையும் ஒன்லைனில் இதே பெயரில் விற்கிறார்கள். அவை வேண்டவே வேண்டாம். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபிஎக்ஸ்7 தரக்குறி போட்டிருந்தாலும், அந்தச் சோதனை அசையாத நல்லதண்ணீரில் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம். அடிக்கிற அலையும் உப்பும் வேறு கதை. கடல் விளையாட்டுக்கென்று செய்ததா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு: லிதியம் பட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். மேலதிகப் பட்டரியைப் பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. கணக்கு எளிது, வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 7.4 வோல்ட்டில் 5,000 மில்லி அம்பியர்-மணி, அதாவது 5 அம்பியர்-மணி என்றால் 37 வாட்-மணி. முனைகளில் டேப் ஒட்டி, எண் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் கட்டுநாயக்காவில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

வெஸ்டை வெறும் தோலில் போடாமல் மெல்லிய ரேஷ் வெஸ்டுக்கு மேலே போடுங்கள். மிதமான சூடுகூட ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தினால் தோலைச் சுட்டுவிடும். சீனி வருத்தத்தால் உணர்வு குறைந்தவர்களுக்கு அது சுடுவதே தெரியாது. அவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கடலில் இறங்கும்போது வெஸ்டைக் குறைந்த சூட்டில் வையுங்கள். முதல் அரை மணி நேரம் பலகையில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற வேலையே உங்களைச் சூடாக்கும். அலைக்காகக் காத்துக்கொண்டு பலகையில் குந்தியிருக்கும்போதுதான் குளிர் ஏறும், கூட்டுவது அப்போது. குளிரில் லிதியம் பட்டரி சீக்கிரம் சோரும், ஆகவே பெட்டியில் எழுதிய நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். இறங்கின முதல் நிமிடத்தில் மூச்சு தானாகத் திக்கும், அதற்கு எந்த வெஸ்டும் உதவாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் அள்ளி ஊற்றி, மூச்சு சீரானபின் உள்ளே போங்கள். குளிர் கடலில் சிறுநீர் அடிக்கடி முட்டும். வெட்சூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

உண்மையான ஆபத்து வேறு. முதுகு இதமாக இருப்பதால் நேரம் போவது தெரியாது, கைகால் மட்டும் செத்துக்கொண்டு வரும். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, அடுத்த அலையிலேயே கரைக்கு வாருங்கள். பேச்சுக் குழறினாலும் அப்படியே. பட்டரி முழுதாக முடியும்வரை காத்திருக்காதீர்கள், கரைக்கு வரவும் சூடு வேண்டும். தனியாக இறங்கவும் வேண்டாம்.

கரையேறிய பிறகும் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். எனவே காற்றுப்படாத இடத்தில் முதலில் தலையைத் துடைத்து, மேலுடம்பை உடுத்தி, அப்புறம் கால். உடை மாற்ற அங்கே எல்லாரும் நீள அங்கி வைத்திருக்கிறார்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கிணற்றடியில் குறுக்குக்கட்டுக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு சாரமும் தடித்த துவாயும் போதும். சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி, சீனி தாராளமாக. சாராயம் வேண்டாம், அது நாளங்களை விரித்து இருக்கிற சூட்டையும் வெளியே விடும். நடுங்கிக்கொண்டு நேரே கொதிக்கிற ஷவருக்குள்ளும் போகாதீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பட்டரியைக் கழற்றிவிட்டு வெஸ்டை இன்னொருமுறை நல்லதண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். நம் வெயில் ரப்பரை வெடிக்க வைத்துவிடும். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை, எங்கள் வீட்டு யன்னல் கொழுக்கிகள் எல்லாம் துருதான். ஆகவே வெஸ்டின் இணைப்பு முனைகளை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். பட்டரியைப் பாதி சார்ஜில், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான அலுமாரியில் வையுங்கள். காரின் டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.