பென்டிரைவ் மவுன்ட் ஆகவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

சிறிய லினக்ஸ் அமைப்புகளைக் கட்டும் கருவியான பில்ட்ரூட்டில் நீங்களே கட்டிய லினக்ஸ் போர்டில் பென்டிரைவைச் செருகி, அதைத் திறக்கும் மவுன்ட் கட்டளை கொடுத்தால், ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறதா? அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். முதலில் லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

டிரைவுக்குக் கெர்னல் வைக்கும் ‘எஸ்டிஏ’ (sda) என்ற பெயரே அங்கே வரவில்லையென்றால் மின்சாரம், கேபிள், யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூல் ஆகியவற்றைப் பாருங்கள். பெயர் வந்து, ‘கோட்பேஜ் சிபி437 நாட் ஃபவுண்ட்’ என்ற வரியும் இருந்தால் குற்றவாளி சிக்கிவிட்டான். பென்டிரைவின் விஃபேட் கோப்பு முறையைப் படிக்கும் டிரைவர் இருந்தால் மட்டும் போதாது. கோப்புப் பெயர்களைப் படிக்க அதற்கு கோட்பேஜ் எனும் எழுத்து அட்டவணையும் வேண்டும். கெர்னலைச் சுருக்கும்போது நாம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கெர்னலின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் ‘ஃபைல் சிஸ்டம்ஸ்’ பகுதிக்குள் ‘நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட்’ இருக்கிறது. அதில் கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ 8859-1 இரண்டையும் சேர்த்துக் கெர்னலை மறுபடி கட்டுங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை பிடித்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

64 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட டிரைவ் என்றால் அது விஃபேட்டுக்குப் பதில் எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறையில் இருக்கலாம். அதற்கான இன்றைய டிரைவர் கெர்னல் 5.7 முதல்தான் இருக்கிறது.