ஊதாமலே செய்த கிரேக்கக் கண்ணாடிக் குப்பி: வீட்டில் ஒரு மாதிரி செய்து பார்ப்போம்

கண்ணாடிக் குப்பி என்றதும் குழாயில் ஊதுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் கண்ணாடியை ஊதும் வித்தை கி.மு. 1ஆம் நூற்றாண்டில்தான் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வந்தது. அதற்கு 500 ஆண்டு முன்பே கிரேக்கர்கள் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில் வாசனை எண்ணெய் வைத்திருந்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பது கையால் செய்து பார்த்தால்தான் சரியாகப் புரியும். உலை எல்லாம் வேண்டாம், கண்ணாடிக்குப் பதில் பாலிமர் கிளே (அடுப்பில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) போதும்.

தேவையானவை: அடர்நீலம், மஞ்சள், வெள்ளை நிறங்களில் பாலிமர் கிளே, கொஞ்சம் சாதாரணக் களிமண், ஒரு கபாப் கம்பி, ஊசி, ஓ.டி.ஜி. (கேக் சுடும் சின்ன மின்) அடுப்பு.

முதலில் கரு, அதாவது குப்பிக்கு உள்ளே இருந்து பிறகு எடுத்துவிடும் அச்சு. கம்பியின் நுனியில் களிமண்ணைச் சுண்டுவிரல் அளவுக்கு, அடி உருண்டையாகப் பிடித்து நிழலில் நன்றாகக் காய விடுங்கள். அவசரப்படாதீர்கள், நான் முதல் தடவை ஈரத்தோடு அடுப்பில் வைத்து நடுவில் பிளந்துபோனது. கிரேக்கர்களும் களிமண், மணல், சாணம் போன்றவற்றைக் குழைத்துத்தான் கரு பிடித்தார்கள்.

அடுத்து, நீல கிளேயை மெல்லிசாகத் தேய்த்துக் கருமேல் சுற்றி, மேசையில் உருட்டி மூட்டுத் தெரியாமல் ஆக்குங்கள். கம்பி நுழையும் இடத்தில் கழுத்தைக் குறுக்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் இந்தக் கட்டத்தில் கருமேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, தட்டையான கல்மேல் உருட்டினார்கள். நீலம் கோபால்ட் சேர்ப்பதால் வந்தது.

இப்போது அழகான வேலை. மஞ்சளையும் வெள்ளையையும் நூல்போல் திரித்து, குப்பியைச் சுற்றி வளையம் வளையமாக ஒட்டுங்கள். மேலேயும் கீழேயும் உள்ள வளையங்களை விட்டுவிட்டு, நடுவில் இருப்பவற்றை மட்டும் ஊசியால் ஒருமுறை மேல்நோக்கி, அடுத்த முறை கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி இழுத்தால் இறகு மாதிரிக் கோலம் விழும். பிறகு மறுபடி உருட்டினால் நூல்கள் உள்ளே அமுங்கிவிடும். அருங்காட்சியகங்களில் பார்த்து நாம் அசந்துபோகும் வேலைப்பாடு இவ்வளவுதான், ஆனால் அவர்கள் இதைச் சுடச்சுட, கண்ணாடி இறுகுவதற்குள் செய்தார்கள்!

வாய்க்கு ஒரு தட்டையான விளிம்பு, தோளில் நூல் கோக்க ஓட்டையோடு இரண்டு சின்னக் காதுகள் வையுங்கள். விளிம்பு அகலமாக இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எடுத்துத் தோலில் தடவ அதுதான் வசதி. கிண்ணத்தில் ஊற்றிக் குளிக்கிற எண்ணெய் இல்லை இது, ரோஜாவும் ஐரிஸ் பூச்செடியின் வேரும் ஊறிய விலை கூடிய சரக்கு.

பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பத்தில், பொதுவாக 130 டிகிரி செல்சியஸ் அளவில், ஜன்னலைத் திறந்துவைத்துச் சுடுங்கள். ஆறியதும் கம்பியைத் திருகி எடுத்துவிட்டு, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, கரைந்த களிமண்ணை ஊசியால் சுரண்டுங்கள். எவ்வளவு சுரண்டினாலும் உள்ளே கொஞ்சம் ஒட்டித்தான் இருக்கும். அசல் குப்பிகளின் உட்புறமும் இப்படிச் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது.

நீங்கள் செய்த இந்த வடிவத்துக்கு அலபாஸ்ட்ரான் என்று பெயர். கிரேக்கச் சாடி ஓவியங்களில் பெண்கள் கையில் அடிக்கடி பார்க்கலாம். உருண்டை வயிற்றோடு இருந்தால் அரிபாலோஸ். அதை உடற்பயிற்சிக்குப் போகிற ஆண்கள் மணிக்கட்டில் தொங்கவிட்டுப் போவார்கள். பல குப்பிகள் கல்லறைகளில் இறந்தவரோடு வைக்கப்பட்டவை, அதனால்தான் இத்தனை முழுசாகக் கிடைத்திருக்கின்றன.

அப்புறம், மேசையில் நிற்கவில்லையே என்று பதற வேண்டாம். அடி உருண்டை, நிற்காது. காதில் நூல் கோத்துத் தொங்கவிடுங்கள்.