கார், ஸ்கூட்டர் பேட்டரிக்கு வீட்டிலேயே பத்திரமாகச் சார்ஜ் போடுவது எப்படி?

இப்போது வரும் ஸ்கூட்டர்களில் பலவற்றுக்குக் கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். கியர் இல்லாத வண்டி என்பதால் தள்ளிக்கொண்டு ஓடினாலும் ஸ்டார்ட் ஆகாது. காரிலும் பேட்டரி இறங்கும். பூட்டி நிறுத்தி வைத்திருந்தாலும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியில் இருக்கும் சார்ஜின் அளவு) போகிறது. 35 ஏ.எச். பேட்டரி இரண்டே வாரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எங்கள் வீட்டுக் காருக்கும் ஸ்கூட்டருக்கும் இப்போது நானேதான் சார்ஜ் போடுகிறேன். கஷ்டமான வேலை இல்லை. ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், உள்ளே இருப்பது கந்தக அமிலம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு செய்தால் பயமே வேண்டாம்.

இங்கே சொல்வது முழுக்க 12 வோல்ட் லெட் ஆசிட் (ஈயத் தகடும் அமிலமும் உள்ள) பேட்டரிக்கு. தண்ணீர் ஊற்றும் வகை, மூடிய மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகை இரண்டுக்கும் பொருந்தும். எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி வேறு விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சார்ஜ் போடவே கூடாத பேட்டரி

பெட்டி புடைத்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, ஆசிட் கசிந்தாலோ சார்ஜரை எடுக்கவே வேண்டாம். நேராகப் பேட்டரிக் கடைக்குப் போய்விடுங்கள். "ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்பது இந்த இடத்தில் ஆபத்து.

என்னென்ன வேண்டும்

வோல்ட் அளக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம். சார்ஜரை இரவல் வாங்கினாலும் மீட்டரைச் சொந்தமாக வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. சாதாரண மீட்டரே போதும்.

சார்ஜரில் நான் சிபாரிசு செய்வது, முழுசாக ஏறியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வகையை மட்டும்தான். ஆம்பியர் மாற்றும் வசதி அதில் இருக்க வேண்டும். ஒரே சார்ஜரில் 0.8 ஆம்பியருக்கு ஒன்றும் 4 ஆம்பியருக்குப் பக்கத்தில் ஒன்றும் இருந்தால் ஸ்கூட்டர், கார் இரண்டுக்கும் ஆகிவிடும். ஊசி முள் ஆடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் மெக்கானிக் கையில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்து நிறுத்துவார். வீட்டில் போட்டுவிட்டு மறந்துபோனால் அது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

230 வோல்ட் லைனில் ஒரு டயோடையும் குண்டு பல்பையும் தொடராக இணைத்துச் சார்ஜ் போடும் முறை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேட்டரி டெர்மினலை (வயர் மாட்டும் முனையை) தொட்டாலே வீட்டு மின்சாரம் உங்கள் மேல் பாயும். லேப்டாப் அடாப்டரும் வேண்டாம், அது பெரும்பாலும் 19 வோல்ட்.

மற்றபடி ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 10 நம்பர், ஸ்கூட்டருக்கு ஸ்க்ரூ டிரைவரே போதும்), ரப்பர் கையுறை, கண்ணாடி, ஆப்ப சோடா, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் ஒரு துளி பட்டாலும் அப்போது தெரியாது, துவைத்து எடுக்கும்போது ஓட்டையாக இருக்கும்.

மோதிரம், காப்பு, கைச்செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் மோதிரம் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால், அதன் வழியாகப் பாயும் கரண்டில் நொடியில் பழுத்துவிடும்.

இடம்

போர்டிகோ, பால்கனி, காற்று வரும் ஷெட். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அது காற்றைவிட லேசானது என்பதால் மேலே போய்த் தேங்கும். அதனால் சமையலறை, விளக்கு ஏற்றும் பூஜை அறை, மூடிய படுக்கையறை எதுவும் கூடாது. முக்கியமாகக் கொசுவர்த்தி. மாலையில் சார்ஜ் போடுகிறவர்கள் வராண்டாவில் பக்கத்திலேயே கொசுவர்த்தியையும் ஏற்றி வைத்துவிடுவார்கள். அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வெயில் நேராகப் படவும் கூடாது, மழைச் சாரலும் அடிக்கக் கூடாது. எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத் தரையில் வைக்காதீர்கள்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து ரப்பர் பெட்டி பேட்டரிகளில் அப்படி நடந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் நான் ஒரு பலகை மேல்தான் வைக்கிறேன். ஆசிட் கசிந்தால் தரைக்குப் போகாது, ஈரமும் ஏறாது.

பேட்டரியைக் கழற்றுவது

சாவியை எடுத்துவிட்டு முதலில் மைனஸ், பிறகு பிளஸ். காரணம் எளிது. வண்டியின் பாடி முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அதற்கு வழியே இல்லை.

காரில் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் மாறிவிடும், சில கார்களில் பவர் விண்டோவையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு யோசிப்பவர்கள் பேட்டரியை வண்டியில் வைத்தே சார்ஜ் போடலாம். சிவப்பு கிளிப்பைப் பிளஸ்ஸிலும், கறுப்பு கிளிப்பைப் பேட்டரியை விட்டுத் தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டுங்கள். சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் கறுப்பு கிளிப் பாடியில்தான்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீர் ஊற்றும் வகையானால் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போகக் கூடாது.

தண்ணீர்

மூடி திறக்கும் வகையில் மட்டும். பிளேட் (உள்ளே இருக்கும் ஈயத் தகடு) வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சார்ஜைத் தொடங்குங்கள். மேல் கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு, ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். முன்பே நிரப்பினால் வழிந்து வெளியே வரும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம்.

எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம்

ஏ.எச். எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 35 ஏ.எச். கார் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், 5 ஏ.எச். ஸ்கூட்டர் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர். ஸ்கூட்டர் பேட்டரியின் லேபிளிலேயே பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள், அதுதான் இறுதி. சார்ஜரில் கார் படமும் பைக் படமும் இருந்தால் பைக் படத்தை அழுத்துங்கள். சின்ன பேட்டரிக்கு 4 ஆம்பியர் கொடுத்தால் சூடேறி உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிடும். மூடிய பேட்டரியில் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழி கிடையாது.

நேரக் கணக்கு: பாதி இறங்கிய 35 ஏ.எச். பேட்டரிக்கு 17.5 ஏ.எச். ஏற வேண்டும். நஷ்டத்தையும் சேர்த்தால் சுமார் 20. அதை 3.5 ஆல் வகுத்தால் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். வீட்டில் ஆள் விழித்திருக்கும்போதே முடிந்துவிடும்.

கிளிப் மாட்டும் வரிசை

சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில் (வண்டியில் வைத்தே போடுவதானால் மேலே சொன்னபடி இரும்பில்). நிறத்தை நம்பாமல் பேட்டரி மேல் இருக்கும் குறியைப் பாருங்கள். கிளிப் ஆடாமல் கடித்துப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

முடிந்த பிறகு, சுவிட்ச் ஆஃப், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. இந்த வரிசையை மாற்றவே வேண்டாம். சில மணி நேரம் சார்ஜ் ஏறிய பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் ஓடும்போதே கிளிப்பை இழுத்தால் வரும் பொறி போதும், பேட்டரி வெடிக்க. வீட்டில் நடக்கும் விபத்துக்கு அதிகம் வாய்ப்புள்ள நொடி இதுதான்.

நடுவில் அவ்வப்போது பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் சுவிட்சை அணையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் உடனே மெயினில் அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, விலகி நில்லுங்கள்.

ஆசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. சோடா தரைக்கும் டெர்மினலுக்கும்தான், கண்ணுக்கு அல்ல.

பச்சை விளக்கு வந்துவிட்டது, முடிந்ததா?

எனக்கு அதிகம் குழப்பம் தந்தது இந்த இடம்தான். சார்ஜரில் பச்சை எரியும், மீட்டரில் 13.2 காட்டும், மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரும் சார்ஜரும் சரியாகவே இருக்கும்.

சார்ஜ் ஏறும்போது பிளேட்டை ஒட்டிய இடத்தில் அமிலம் அடர்த்தியாகிறது. அது மெதுவாகத்தான் மற்ற இடத்துக்குப் பரவும். அதுவரை டெர்மினலில் தெரியும் வோல்ட் உண்மையைவிட அதிகம். கிளிப்பை எடுத்த உடனே பார்க்கும் எண்ணுக்கு அதனால் மதிப்பே இல்லை.

கிளிப்பை எடுத்துவிட்டு, எதையும் இணைக்காமல் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டு அளந்து பாருங்கள். 12.6 அல்லது 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. அதற்கும் கீழே போனால் காலி. ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கி வைத்திருக்கும் மூடிய பேட்டரி) வகையில் முழு சார்ஜ் 12.8 பக்கம் காட்டும். அவசரம் என்றால் வண்டியில் மாட்டி ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளக்கலாம். ஓரளவு சரியாக வரும்.

பச்சை விளக்கு வந்த பிறகும் ஓய்வில் 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட், கணக்கு நேராக உதைக்கிறது பாருங்கள். அதை எத்தனை தடவை சார்ஜ் போட்டாலும் பலனில்லை. 12.6 இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஒருவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வலு போய்விட்டது.

திரும்ப மாட்டுவது

பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5லேயே நின்றால் கோளாறு வண்டி சார்ஜ் செய்யும் பக்கம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறகு சேர்த்தவை

*வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாமா* என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரிக்காக அது 10 முதல் 15 ஆம்பியர் வரை தள்ளும். கார் பேட்டரிக்கே அதிகம், ஸ்கூட்டர் பேட்டரிக்குக் கேட்கவே வேண்டாம்.

*கரண்ட் போய் வந்தால்* சில சார்ஜர்கள் விட்ட இடத்திலிருந்து தொடராது. பட்டனை மறுபடி அழுத்தும் வரை சும்மா நிற்கும், அல்லது வேறு மோடுக்குப் போய்விடும். கரண்ட் வந்ததும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

*சார்ஜர் பேட்டரியையே கண்டுகொள்ளவில்லை* என்றால் பேட்டரி மிகவும் இறங்கியிருக்கும். பல ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. இன்னொரு பேட்டரியை இணையாக மாட்டி ஏமாற்றும் வழியை ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். பேட்டரிக் கடையில் கொடுத்தால் மெதுவாக ஏற்றித் தருவார்கள். வாரக்கணக்கில் காலியாகக் கிடந்திருந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகியிருக்கும், பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் 12.4க்குக் கீழே போனதுமே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

*எலக்ட்ரிக் ஸ்கூட்டர்:* வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்குப் போடவே கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் ஆறிய பிறகு போடுங்கள். கழற்றும் பேட்டரியானால் வாசற்கதவை மறித்து வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் வெளியே வர வழி வேண்டும். தண்ணீரில் மூழ்கிய பேட்டரியைக் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.