ஒரே எழுத்து, வேறு வேர்: ஐரோப்பிய மொழிச் சொற்களில் சறுக்கும் இடங்கள்

இத்தாலியில் தண்ணீர்க் குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் அது வெந்நீர். சூட்டைக் குறிக்கும் 'கால்தோ'வின் முதல் எழுத்து அது. ஜெர்மனில் 'கால்ட்' என்றால் குளிர். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரான்ஸிலும் 'சி'தான் வெந்நீர், 'எஃப்' குளிர்நீர்.

இவ்வகைச் சறுக்கலைப் பலரும் அறிவார்கள். பி, ஏ, ஐ, என் என்ற நான்கெழுத்து பிரெஞ்சில் ரொட்டி, ஆங்கிலத்தில் வலி. முன்னது லத்தீன் 'பானிஸ்' வழி வந்தது. பின்னது தண்டனையைக் குறித்த 'போயெனா' வழி. 'புர்ரோ' இத்தாலியில் வெண்ணெய், ஸ்பெயினில் கழுதை. கடையில் கேட்கும்போது நினைவிருக்கட்டும்.

பொருள் வேறு என்றதும் வேரும் வேறு என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. ஆங்கிலத்தில் பரிசான 'கிஃப்ட்', ஜெர்மனில் நஞ்சு. இரண்டும் 'கொடு' என்ற ஒரே வேரில் பிறந்தவை. மருந்தின் 'டோஸ்' என்பதும் கிரேக்கத்தில் 'கொடுத்தது'தான்; ஜெர்மன் சொல் அந்த வழியில் போய் நஞ்சில் நின்றுவிட்டது. சீதனத்தைச் சொல்லும் 'மிட்கிஃப்ட்'டில் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. நார்வேயிலோ இதே சொல்லுக்கு 'நஞ்சு', 'மணமானவர்' என இரு பொருளும் உண்டு. படிவத்தில் கண்டு பதற வேண்டாம்.

படித்தவர்களே ஏமாறுவது, வடிவமும் பொருளும் சேர்ந்தே ஒத்துப்போகும்போது. ஜெர்மன் 'ஹாபன்', லத்தீன் 'ஹபேரே' இரண்டுமே 'வைத்திரு' என்பவை, ஆனால் உறவில்லை. ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய ஒலிமாற்றப்படி, லத்தீனில் சொல்லின் முதலில் வரும் 'க' ஜெர்மனில் 'ஹ' ஆகும். கொம்புக்கு அங்கே 'கோர்னு', இங்கே 'ஹோர்ன்'. நூறுக்கு 'கெந்தும்', 'ஹுண்டர்ட்'. அப்படிப் பார்த்தால் 'ஹாபன்' சேர வேண்டியது 'பிடி' எனும் 'காபெரே'யோடு. எழுத்து அச்சாக ஒத்திருப்பதே இங்கு சந்தேகத்துக்குக் காரணம். இத்தனை நூற்றாண்டில் மாறியிருக்க வேண்டும். இந்த விதி பழஞ்சொற்களுக்குத்தான். பின்னாளில் கடன் வாங்கிய சொற்களில் இதைப் பொருத்தினால் எல்லாம் குழம்பும்.

அகராதியில் ஒரே வடிவச் சொல்லை இரண்டு பதிவாக்கித் தனித்தனி எண் போட்டிருந்தால் வேர் வேறு என்றும் நம்பிவிடாதீர்கள். பிரெஞ்சு 'லுவே'க்கு 'புகழ்', 'வாடகைக்கு விடு' என இரு பொருள். லத்தீன் 'லௌதாரே', 'லொகாரே' என வேரும் இரண்டு. 'வோலே'க்குப் 'பற', 'திருடு' என இரு பொருள்; பல அகராதிகளில் பதிவும் இரண்டு. வேர் ஒன்றே: வேட்டைப் பருந்து பறந்தபடியே இரையைப் பிடிப்பதிலிருந்து திருட்டுக்கு நகர்ந்த சொல் அது. எண்ணை விட்டுவிட்டு, பதிவின் சொற்பிறப்புப் பகுதியில் மிகப் பழைய வடிவத்தைப் பாருங்கள்.