பிரியஸ் காரின் ஆரஞ்சு வயரைத் தொடுமுன்

இலங்கையில் ஓடும் மூன்றாம் தலைமுறை பிரியஸ்களுக்கு இப்போது பற்றரி வேலை வரும் வயது. பெரிய ஹைபிரிட் பற்றரியில் 201.6 வோல்ற் டிசி; ஆரஞ்சு வயர்களில் ஓடுவது இந்த உயர் வோல்ற்தான். மோட்டாருக்கு மின் கொடுக்கும் இன்வேர்ட்டர் அதை 650 வரை ஏற்றும்.

முதலில் மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றுங்கள். காரை ஓஃப் செய்து, சாவியைத் தூரத்தில் வையுங்கள். 12 வோல்ற் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுமுன் பின்கதவைத் திறந்தே விடுங்கள். அதன் பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும்.

1000 வோல்றுக்கான கிளாஸ் 0 ரப்பர் கையுறை கட்டாயம். மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றை அடைத்துப் பாருங்கள். எங்காவது காற்றுக் கசிந்தால் எறிந்துவிடுங்கள், ஒட்டுப் போட வேண்டாம். மேலே தோல் கையுறை.

பின்னாலுள்ள சேர்விஸ் பிளக்கை (பெரிய பற்றரியின் சுற்றைத் துண்டிக்கும் பிளக்) கழற்றி உங்கள் பொக்கெற்றிலேயே வையுங்கள். வேறு யாரும் திரும்ப மாட்டிவிடக் கூடாது. பிறகு 10 நிமிடம் பொறுங்கள். இன்வேர்ட்டர் கப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கற் 3 (CAT III) பாதுகாப்புத் தரமுள்ள 1000 வோல்ற் மீற்றரை முதலில் 12 வோல்ற் பற்றரியில் சோதியுங்கள். பிறகு இன்வேர்ட்டரின் பொசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு இடையே அளந்துவிட்டு, மீண்டும் 12 வோல்றில் சோதியுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: மீற்றரின் ஒரு முனையை கார் பொடியில் (உலோக உடலில்) வைத்து அளந்து, பூச்சியம் என்று நம்பிவிடுகிறார்கள். உயர் வோல்ற் சுற்று பொடியோடு இணைந்ததல்ல, அதனால் அந்தப் பூச்சியத்துக்கு அர்த்தமே இல்லை.

பிளக்கைக் கழற்றினாலும் பற்றரிப் பெட்டிக்குள் மின்சாரம் சாகாது. பிளக் 28 மொடியூல் தொடரை இடையில் வெட்டுகிறது, அவ்வளவுதான். மொடியூல் ஒன்று 7.2 வோல்ற்; ஒன்பது சேர்ந்தாலே ஆபத்து எல்லையான 60 வோல்றைத் தாண்டிவிடும். ஆகவே மொடியூல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரைக் கழற்றும்போதும் கையுறையோடு, காப்பிட்ட ஸ்பனரால், ஒவ்வொரு நட்டாக. பூட்டும்போது 5.4 நியூற்றன் மீற்றர் போதும். பலமாக முறுக்கினால் பிளாஸ்ரிக்கில் பதிந்த போல்ற் சுழன்றுவிடும்.

காரின் கணினியில் பி0ஏஏ6 (P0AA6) என்ற பழுதுக் கோட் வந்தால் எங்கோ காப்புக் கசிவு. சாதாரண மீற்றரின் ஓம் அளவில் அது பெரும்பாலும் தெரியாது, 500 வோல்ற் மெகர் (காப்பு அளக்கும் மீற்றர்) வேண்டும். ஏசி கொம்பிரசரை அண்மையில் யாராவது தொட்டார்களா என்றும் கேளுங்கள். மின்காப்புள்ள என்டி-11 எண்ணெய்க்குப் பதிலாக வழக்கமான பிஏஜி எண்ணெய் போனாலே இந்தக் கோட் வரும்.

எல்லாம் பூட்டிய பின் கார் ரெடிக்கு (READY விளக்கு எரியும் நிலைக்கு) வரவில்லையா? முதலில் சேர்விஸ் பிளக்கின் பிடியைப் பாருங்கள். கடைசிச் சறுக்கல்வரை தள்ளாவிட்டால் பிளக் சரியாகப் பூட்டியதை அறியும் இன்ரர்லொக் இணையாது.