போன் மெதுவாகிவிட்டதா? புதிதாக எதையும் நிறுவாதீர்கள்

போன மாதம் அத்தை தன் போனை என்னிடம் நீட்டி, "இது கிழடு தட்டிப் போச்சுடா, புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. காலையில் முழு சார்ஜோடு எடுத்தால் மத்தியானத்துக்குள் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறதாம். ஒரு பக்கத்தைத் தொட்டால், அது திறப்பதற்குள் எதைத் தேடினோம் என்பதே மறந்துவிடுகிறதாம்.

திறந்து பார்த்தேன். வேகத்தைக் கூட்ட ஓர் ஆப், குப்பையைக் கூட்ட இரண்டு, பேட்டரியைக் காப்பாற்ற ஒன்று. நான்கும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன. போதாததற்கு நான்கும் விளம்பரம் வேறு காட்டின.

போன் இழுப்பது, இணையப் பக்கங்கள் தாமதமாவது, சார்ஜ் கரைவது மூன்றும் தனித்தனி வியாதி போலத் தெரியும். பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: நமக்குத் தேவையில்லாத வேலையைப் போன் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலையைக் குறைப்பதுதான் இந்தச் செய்முறை. ஆண்ட்ராய்டை வைத்துச் சொல்கிறேன். ஐபோனில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். மெனு பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸில் இருக்கும் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

படி 1: ஒரு முறை ரீஸ்டார்ட், அப்புறம் கணக்கு

பல வாரங்களாக அணைக்காத போன் என்றால் முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். எங்காவது சிக்கி நிற்கும் ஆப் இதிலேயே தெளிந்துவிடும். சிலருக்கு வேலை இத்தோடு முடிந்தது.

முடியவில்லை என்றால் ஒரு நாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு, செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதிக்குப் போய் எந்த ஆப் எவ்வளவு செலவழித்தது என்ற பட்டியலைத் திறங்கள். ஐபோனிலும் இது பேட்டரி பகுதியில்தான் இருக்கிறது. பட்டியலில் முதலிடத்தில் இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல. இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்திருந்தால் வீடியோ ஆப் மேலேதான் நிற்கும். நீங்கள் அதிகம் திறக்காமலே மேலே ஏறி உட்கார்ந்திருப்பது எது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆப்பின் பெயரையும் தொட்டால், திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று பெரும்பாலான போன்களில் பிரித்துக் காட்டும். அத்தை போனில் ஒரு வானிலை ஆப் திரையில் இருந்தது 2 நிமிடம், பின்னணியில் ஓடியது 6 மணி நேரத்துக்கு மேல். மழை வருமா என்று தெரிந்துகொள்ள ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று கேட்டேன். அத்தை முறைத்தார்.

படி 2: வேகப்படுத்தும் ஆப்களை முதலில் தூக்குங்கள்

'பூஸ்டர்', 'கிளீனர்', 'ரேம் மாஸ்டர்' என்ற பெயரில் வருபவை எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். ரேம் என்பது போன் இப்போது கையில் எடுத்து வேலை செய்யும் மேசை. அண்மையில் பயன்படுத்திய ஆப்களை ஆண்ட்ராய்டு அந்த மேசையிலேயே வைத்திருக்கும். மறுபடி தொட்டால் சட்டென்று திறக்கும். இடம் போதவில்லை என்றால் பழையதைத் தானே எடுத்துவிடும். மேசை காலியாக இருப்பதால் ஒரு லாபமும் கிடையாது. கிளீனர் ஆப் செய்வது என்னவென்றால், மேசையில் இருப்பதை எல்லாம் வாரி உள்ளே போட்டுவிட்டு "2 ஜிபி மிச்சம்" என்று பெருமை பேசுவது. அடுத்த நிமிடமே போன் அவற்றை மறுபடி ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவர வேண்டும். அதற்கும் பேட்டரிதான் செலவு.

இதே காரணத்தால், அண்மை ஆப்களின் வரிசையைத் திறந்து ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கமும் தேவையில்லை. அப்படி மூடினால் பேட்டரி மிச்சமாகுமா என்று 2016இல் ஒரு பயனர் ஆப்பிளுக்கு எழுதிக் கேட்டார். அதன் மென்பொருள் பிரிவின் தலைவர் கிரேக் ஃபெடெரிகி, இல்லை என்று பதில் அனுப்பினார். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அப்போது அதையேதான் சொன்னார். ஓர் ஆப் உறைந்து நின்றுவிட்டால் மட்டும் தள்ளி மூடுங்கள்.

அடுத்து, மாதக்கணக்கில் தொடாத ஆப்கள். நீக்க முடிந்ததை நீக்குங்கள். போனோடு வந்ததால் நீக்க முடியவில்லை என்றால், அதை முடக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். வேண்டும், ஆனால் பின்னணியில் ஓட வேண்டாம் என்று தோன்றும் ஆப்களுக்கு: ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, தகவல் பக்கத்துக்குப் போய், பேட்டரி பகுதியில் 'கட்டுப்படுத்தப்பட்டது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'பின்னணிப் புதுப்பிப்பு' என்ற சுவிட்சை ஆப் வாரியாக அணைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. செய்தி அனுப்பும் ஆப், அலாரம், உடல்நலக் கருவியோடு இணைந்த ஆப் இவற்றின் மேல் கைவைக்காதீர்கள். செய்தி மூன்று மணி நேரம் கழித்து வந்து விழும்.

படி 3: ஸ்டோரேஜில் கொஞ்சம் மூச்சுவிட இடம்

ஸ்டோரேஜ் விளிம்புவரை நிரம்பிய போன் நிச்சயம் திணறும். போனில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் சிறுசிறு துண்டாக எழுதலாம், ஆனால் அழிக்கும்போது பெரிய தொகுதியாக மட்டுமே அழிக்க முடியும். காலியிடம் இல்லை என்றால், புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் பழையவற்றை நகர்த்தி, ஒரு தொகுதியை அழித்து, அதன் பிறகுதான் எழுத வேண்டும். ஒரு படம் எடுத்தால்கூட இத்தனை வேலை. மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போனால், பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் அங்கே குவிந்து கிடக்கும். அழித்த கையோடு, மீடியா தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி இதே வேலை.

படி 4: பிரவுசர்

பக்கம் மெதுவாகத் திறந்தால் எல்லோரும் நெட்டைத்தான் திட்டுவோம். முதலில் யார் மேல் தப்பு என்று பாருங்கள். அதே வைஃபையில் இன்னொரு போனில் அதே பக்கத்தைத் திறங்கள். இரண்டிலும் மெதுவென்றால் நெட் பிரச்சினை. ரௌட்டரில் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு பெயர்கள் தெரிந்தால், பக்கத்தில் இருக்கும்போது 5க்கு மாறுங்கள். அது வேகம், ஆனால் சுவர் தாண்டத் தடுமாறும். தூரத்து அறைக்கு 2.4 நல்லது.

உங்கள் போனில் மட்டும் மெதுவா? அப்படியானால் சிக்கல் பக்கத்தின் எடையில். ஒரு கட்டுரையின் எழுத்து மட்டும் என்றால் சில பத்து கேபிதான். கூடவே விளம்பரம், நம்மைப் பின்தொடரும் நிரல்கள், தானாக ஓடும் வீடியோ என்று ஒரு ஊர்வலமே வருகிறது. அதில் வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உங்கள் போனின் பிராசஸர்தான் படித்து, புரிந்துகொண்டு, ஓட்ட வேண்டும். நெட் எத்தனை வேகமாக இருந்தாலும் பழைய போன் இந்த இடத்தில் மூச்சு வாங்கும், சூடாகும், சார்ஜும் போகும்.

எதையும் நிறுவாதீர்கள் என்று தலைப்பில் சொன்னேன். இங்கே மட்டும் ஒரு விலக்கு. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்க்கலாம். ஐபோன் சஃபாரியில் 2015 முதலே இப்படிப்பட்ட தடுப்பான்களுக்கு இடம் உண்டு. விளம்பரத்தை நம்பி நடக்கும் நல்ல தளங்களும் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்து வைப்பது நியாயம். தடுப்பான் வேண்டாம் என்பவர்கள் 'ரீடர்' முறையைப் பயன்படுத்தலாம். எழுத்தும் படமும் மட்டும் மிஞ்சும். குரோமில் முன்பு டேட்டாவைச் சுருக்கித் தந்த லைட் மோட் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது அத்தை போனின் பெரிய மர்மம். நாள் முழுக்க "உங்கள் போனில் 4 வைரஸ்கள்! உடனே சுத்தம் செய்யவும்" என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்பு. அதற்குப் பயந்துதான் அந்தக் கிளீனர்களையே நிறுவியிருக்கிறார். வைரஸ் ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு பக்கம் "அறிவிப்புகளை அனுமதிக்கவா?" என்று கேட்டபோது, அந்தப் பெட்டி தொலைந்தால் போதும் என்று 'அனுமதி'யைத் தொட்டிருக்கிறார். அறிவிப்பை உற்றுப் பார்த்தால் குரோமின் சின்னமும், சின்ன எழுத்தில் ஒரு தளத்தின் முகவரியும் தெரியும். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக நிற்கும். அத்தை போனில் 23 இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டுத் தடுத்தேன். வைரஸ் எல்லாம் அன்றே ஒழிந்தது.

டேப் விஷயம் ஒன்று. ஆண்ட்ராய்டு குரோமில் 99 டேப்களைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் ஒரு சிரிப்பு முகம் வந்துவிடும். அத்தை போனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. பழைய டேப்களைப் பிரவுசரே நினைவகத்திலிருந்து எடுத்துவிடுவதால், பலர் பயப்படும் அளவுக்குச் சுமை இல்லை. தேடுவது கிடைக்க வேண்டுமே என்பதற்காக மூடலாம். கேஷையும் தினமும் அழிக்காதீர்கள். ஒரு தளத்தின் படங்களையும் நிரல்களையும் மறுபடி இறக்க வேண்டாம் என்றுதான் பிரவுசர் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. அழித்தால் அடுத்த முறை இன்னும் தாமதம்தான். ஒரு தளம் கோணல்மாணலாகத் தெரிந்தால் மட்டும் அழியுங்கள்.

படி 5: திரையும் சிக்னலும்

வெளிச்சத்தைத் தானியங்கிக்கு விடுங்கள், திரை 30 விநாடியில் அணையட்டும். விநாடிக்கு எத்தனை முறை திரை தன்னைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் 60க்கு இறக்கினால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும். ஸ்க்ரோல் அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகாது, அவ்வளவுதான்.

டார்க் மோட் பற்றிக் கொஞ்சம் மிகையாகவே பேசுகிறார்கள். ஓஎல்இடி திரையில் கறுப்பான புள்ளி அணைந்தே இருக்கும் என்பதால் மிச்சம் உண்டு. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரியும் என்பதால் பலனில்லை. ஓஎல்இடியிலும் எவ்வளவு மிச்சம் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது, 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சமானது. முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம்.

சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரை எட்ட அதிகச் சக்தியோடு கத்தவேண்டியிருக்கும். 5ஜி வந்து வந்து போகும் இடம் என்றால் நெட்வொர்க் அமைப்பில் 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். சிக்னலே இல்லாத நீண்ட பயணத்தில் விமான முறை.

படி 6: பேட்டரியைப் பார்க்கும் விதம்

முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற அறிவுரை நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தது. 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனுக்கு அது பொருந்தாது, கெடுதலும்கூட. சூட்டையும், நெடுநேரம் 100 சதவீதத்தில் நிற்பதையும், அடிக்கடி பூஜ்ஜியத்துக்குப் போவதையும் அது விரும்பாது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவிடுங்கள். சார்ஜில் இருக்கும்போது கேம் ஆடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். சுற்றுப்புறம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது.

நலிந்த பேட்டரி வேகத்தையும் குறைக்கும். திடீரென்று அதிகச் சக்தி கேட்டால் அதனால் தர முடியாது, போன் பொட்டென்று அணைந்துவிடும். இதைத் தவிர்க்கச் சில பழைய ஐபோன்களின் வேகத்தை மட்டுப்படுத்துவதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் பேட்டரி ஆரோக்கியம் காட்டும் பக்கமும் ஐபோனில் வந்தது. அங்கே 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதுப் போனுக்கு முன் புதுப் பேட்டரியை யோசியுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் யோசனையே வேண்டாம்: சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

விருப்பம் இருந்தால்: ஒரு கண்கட்டு

செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் பில்டு எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். அதில் அனிமேஷன் அளவு என்று மூன்று இருக்கும். மூன்றையும் 1இலிருந்து 0.5க்கு மாற்றுங்கள். பிராசஸர் ஒன்றும் வேகமாகிவிடாது. ஆனால் ஆப்களும் மெனுக்களும் திரையில் விரியும் அசைவு பாதி நேரத்தில் முடிவதால் போன் சுறுசுறுப்பாகத் தோன்றும். அதே பக்கத்தில் இருக்கும் வேறு எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அத்தை போன் இப்போது ராத்திரி 9 மணிக்கு 34 சதவீதம் காட்டுகிறது. புதுப் போன் பேச்சு நின்றுவிட்டது. நேற்றுப் பார்த்தபோது டேப் எண்ணிக்கை மறுபடி 61.