‘எதிர்பாராத’: எங்கே போடலாம், எங்கே கூடாது

‘எதிர்பாராத விருந்தாளி’ என்றால் வருவார் என்று நாம் நினைத்திராதவர். ‘எதையும் எதிர்பாராத விருந்தாளி’ என்றால் காபி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்று உட்கார்ந்திருப்பவர். முதலாவதில் எதிர்பார்க்காதவர் நாம், இரண்டாவதில் அவர். ‘எதிர்பார்’ என்ற வினையிலிருந்து வந்த எதிர்மறைப் பெயரெச்சம் இது, அதாவது ‘இல்லை’ என்ற பொருளோடு ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும் வினை. அந்தப் பெயர் எதிர்பார்க்காதவராகவும் இருக்கலாம், எதிர்பார்க்கப்படாததாகவும் இருக்கலாம், அதனால்தான் இரண்டு பக்கமும் சாய்கிறது. எழுதும்முன் ‘யார், எதை எதிர்பார்க்கவில்லை?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழப்பம் வரும்போலிருந்தால் முன்னால் ஒரு சொல் சேருங்கள்: ‘யாரும் எதிர்பாராத உதவி’, ‘கைம்மாறு எதிர்பாராத உதவி’.

‘திடீர்’ வேறு. அதில் வேகம்தான் முக்கியம். மாசியில் நாலு நாள் விடாமல் தூறினால் அது எதிர்பாராத மழை, ஆனால் திடீர் மழை அல்ல. கடையில் விற்கும் திடீர் சாம்பார் பொடியை ‘எதிர்பாராத சாம்பார்’ என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும். பஸ்ஸில் பழைய வாத்தியாரைப் பார்ப்பது தற்செயல். அங்கே இருவரும் திட்டமிடவில்லை என்பதே செய்தி.

அதிகம் பேர் சறுக்குவது ஒற்றில், அதாவது இரண்டு சொற்களுக்கு நடுவே மிகும் க், ச், த், ப் என்ற வல்லின எழுத்துகளில். ‘எதிர்பாராதப் பரிசு’ தவறு. இந்தப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது, ‘எதிர்பாராத பரிசு’ என்றே எழுத வேண்டும். கடைசி ‘த’ போய் ‘எதிர்பாரா’ என நின்றால் மிகும்: எதிர்பாராப் பரிசு, எதிர்பாராத் திருப்பம். வினைக்கு முன்னால் ‘எதிர்பாராமல்’ அல்லது ‘எதிர்பாராத விதமாக’ வரும்.

‘எதிர்பார்க்காத’ என்பதும் சரியே, பேச்சுக்கு அதுதான் நெருக்கம். வீட்டுக்கு வந்தவரிடம் “நீங்க வருவீங்கன்னு எதிர்பார்க்கவே இல்ல” என்போம். அவரிடம் போய் “எதிர்பாராத வருகை” என்றால் மேடைப்பேச்சாகிவிடும்.

விடுப்புக் கடிதத்தில் ‘எதிர்பாராத காரணங்களால்’ என்பது எதையுமே சொல்லாத தொடர். ‘மகனுக்குக் காய்ச்சல்’ என்று நேரே எழுதுங்கள். மாதக்கணக்கில் முன்பே தெரிந்த கல்யாணத்துக்கு ‘தவிர்க்க முடியாத’ பொருந்தும், ‘எதிர்பாராத’ பொருந்தாது. இரங்கல் செய்தியில் இன்னும் கவனம் தேவை. நெடுநாள் படுக்கையில் கிடந்தவருக்கு ‘எதிர்பாராத மறைவு’ என்று எழுதினால், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட வீட்டாருக்கு உறுத்தும். ‘எதிர்பாராத விபத்து’ என்பதில் முதல் சொல்லை அடித்துவிடலாம். எந்த விபத்தையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.